துடுப்பிலிருந்து செய்த கியூ

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு சனிக்கிழமை மாலை, ராயபுரத்தில் ரயில் யார்டு ஊழியர்களுக்கான இன்ஸ்டிடியூட்டில் என் அண்ணன் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தான்.

2. எதிரே ஆடியவர் ஒரு கடினமான பந்தை அழகாக அடித்தார். அந்த அறையில் கைதட்டும் வழக்கம் கிடையாது. நல்ல அடி விழுந்தால், பந்தை அடிக்க அவரவர் கையில் வைத்திருக்கும் குச்சியின், அதாவது கியூவின், அடிமுனையால் தரையில் இரண்டு தட்டு தட்டுவார்கள். அடித்தவர் எதிராளியாக இருந்தாலும் தட்டியாக வேண்டும். அதுதான் மரியாதை.

3. அண்ணன் தட்டினான். இரண்டாவது தட்டில் அவனுடைய கியூ நடுவில் ஒடிந்தது.

4. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான்.

5. இரண்டு துண்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் சாய்த்துவைத்தான்.

6. அடுத்த சனிக்கிழமை அவன் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை.

இதில் ஆறாவதுதான் எனக்கும் அம்மாவுக்கும் கவலை தந்தது. அண்ணன் யார்டில் ஷன்டிங் வேலையில் இருந்தவன். வேகன்களைக் கோக்கும்போது இடது கை மாட்டிக்கொண்டு, சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. அதன்பிறகு அவனுக்கு ஆபீசில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். விபத்துக்குப் பிந்தைய முதல் வருடத்தை நாங்கள் மறக்கவில்லை. வேலை, வீடு, மீண்டும் வேலை. இடது கை எந்நேரமும் கால்சட்டைப் பாக்கெட்டில் இருக்கும். மாதா கோவிலில் பூசை பார்க்கும்போதுகூட வலது கை மட்டும் நெஞ்சில் இருக்கும்.

அந்த நிலையை மாற்றியது ஒரு கியூ. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு ஒருவர், தன்னுடைய கியூவை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். "குச்சியைத் தாங்க கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருந்தால் போதும், மற்ற விரல்கள் சும்மா துணைக்குத்தான்" என்று சொன்னாராம். அண்ணன் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனான். பச்சைத் துணி விரித்த அந்த மேஜையில் ஊன்றும்போது அவனுடைய இடது கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது. வேறெங்கும் வரவில்லை, அங்கே வந்தது. அங்கே போவது நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இன்ஸ்டிடியூட்டில் பொதுக் கியூக்கள் இல்லாமல் இல்லை. சுவரோரம் ஒரு சட்டத்தில் வரிசையாக நிற்கும். உலக்கை போலத் தடியானவை, வில் போல வளைந்தவை. அண்ணனுடையதை, மூன்று விரல் கையின் மேல் தடங்கலில்லாமல் ஓடுவதற்காகக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, எண்ணெய் தேய்த்து அவனே மெலிதாக்கியிருந்தான். அதனால் வேறொன்றை எடுத்து ஆடு என்று சொல்வது சுலபமாக இருக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை நான் துண்டுகளைத் தேடினேன். அடித்துண்டு கதவுக்குப் பின்னால் இருந்தது. நுனித்துண்டைக் காணவில்லை. கொல்லையில் அம்மா அதை வைத்து ஈரப் புடவையை உயரக் கொடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அத்தக் குடு."

"எதுக்கு? நல்லா எட்டுது இது."

"அண்ணனோட குச்சிம்மா அது."

"ஒடஞ்சது ஒடஞ்சதுதான். அவன் மூஞ்சத் தூக்கிவச்சிக்கினு ஒக்காந்துகீறான், நீ ஒரு பக்கம் குச்சியத் தேடிக்கினு வர்ற. எனக்கு வேற கோல் வாங்கிக் குடுத்துட்டு எடுத்துக்கினு போ."

அன்று மாலையே மூங்கில் கோல் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு அதை மீட்டேன்.

நான் பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் படித்துவிட்டு, திருவொற்றியூரில் உருக்கு வார்ப்படம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் வேலை பார்த்துவந்தேன். ஒடிந்த பாகம் எது வந்தாலும் ஒடிந்த முகத்தை முதலில் பார் என்பது அங்கே பாலபாடம். துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு கியூவை முழுதாக நான் பார்த்தது அன்றுதான். அடியில் பட், கருங்காலி மரம். அதற்குள் எடைக்காக ஈயம். கருங்காலி நான்கு நாக்குகளாகக் கூர்ந்து வெளிர் மரத்துக்குள் ஏறி முடிகிற இடத்துக்கு ஸ்ப்ளைஸ் என்று பெயர். அங்கிருந்து நுனிவரை ஷாஃப்ட், ஆஷ் என்கிற மரம். நுனியில் பித்தளைப் பூண். பூணின் தலையில், பந்தைத் தொடுகிற தோல் வில்லை, அதை டிப் என்பார்கள்.

ஒடிவு ஸ்ப்ளைஸுக்குச் சற்று மேலே. ஒடிந்த முகத்தில் முக்கால் பங்கு கறுத்திருந்தது. எண்ணெயும், நுனியில் தேய்க்கும் சாக்பீஸ் பொடியும் நாள்பட இறங்கிய கறுப்பு. மீதிதான் புது வெள்ளை. மரத்தின் ரேகைகள் அந்த இடத்தில் நீளவாக்கில் ஓடாமல் சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறியிருந்தன. ஒருமுறை ரயில்வே கேட்டில் சைக்கிளிலிருந்து கியூ விழுந்தது என்று அண்ணன் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. ரேகை சரியில்லாத இடத்தில் அன்றே விரிசல் விட்டிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "நீ தட்டினதால ஒடியல. ரொம்ப நாளாவே ஒடஞ்சிகினுதான் இருந்திருக்குது."

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "தெரிஞ்சி இன்னா பண்றது?" என்றான்.

"பட் நல்லாதான் கீது. மேல ஷாஃப்ட் மட்டும் புதுசா செஞ்சி, நடுவுல பித்தளைல மரை போட்டு சேத்துடலாம்."

"எதுல செய்வ? தேக்குலயா? ஆஷ் வேணும். இந்த ஊர்ல மொளைக்கிற மரமா அது?"

அந்தக் கேள்விக்குப் பேருந்தில் போகும்போது பதில் கிடைத்தது. கடற்கரை ரோட்டில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடைகளைத் தினமும் கடந்துதான் வேலைக்குப் போவேன். கயிறு, விளக்கு, சங்கிலி. அவற்றோடு சுவரில் சாய்ந்து நிற்கும் உயிர்காப்புப் படகுத் துடுப்புகள். வெள்ளைக்காரர் நாட்டுத் துடுப்புகளுக்கு ஆஷ் பயன்படும் என்று பாடத்தில் படித்திருந்தேன். மறுநாள் இறங்கினேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, போட்டு வாங்கிட்டியா?"

"இல்லீங்க."

"அப்ப துடுப்பு எதுக்கு? ஊட்டுக்காரன அடிக்கவா?"

"இன்னும் கல்யாணம் ஆவல."

"கல்யாணத்துக்கு முந்தியே வாங்கி வச்சிக்கிற. வெவரமான பொண்ணு."

பேசவிட்டு, ஒவ்வொரு துடுப்பாக வெளிச்சத்துக்கு எடுத்துவந்தேன். சிலது பைன் மரம். சிலவற்றில் முடிச்சு. சிலவற்றில் ரேகை பாதியில் விளிம்பைத் தாண்டி வெளியேறியது. கடைசியில் ஒன்றில், சாயம் சுரண்டிய இடங்களிலெல்லாம் ரேகைகள் தண்டவாளம் போல நேராக ஓடின. அகலமான முனையை அங்கேயே அறுத்துவிடச் சொல்லி, கைப்பிடித் தண்டை மட்டும் எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் பஸ்ஸில் ஏறினேன்.

"இன்னாம்மா, ரோட்டுல தண்ணி கிண்ணி வந்துட்சா?" என்றார், அது துடுப்புத் தண்டு என்று கண்டுகொண்ட கண்டக்டர். தண்டுக்கும் டிக்கெட் எடு என்று சொல்லவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் உருக்கை ஊற்றுவதற்கு முன்னால், அதே உருவத்தை மரத்தில் செய்வார்கள். அதற்குப் பேட்டர்ன் என்று பெயர். பேட்டர்ன் மேஸ்திரி வியாசர்பாடிக்காரர். காதில் பென்சில், சட்டைப் பையில் இரும்பு ஸ்கேல், வாயில் எப்போதும் ஏதாவது ஒரு பேச்சு. ஃபோர்மனிடம் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் தண்டையும் என் வரைபடத்தையும் அவர் மேஜையில் வைத்தேன். பழைய ஷாஃப்டின் பருமனை மூன்று அங்குலத்துக்கு ஒரு இடமாக அளந்து குறித்திருந்தேன்.

"இன்னாம்மா இது, ஒலக்கையா?"

"பில்லியர்ட்ஸ் குச்சி, மேஸ்திரி."

"ஒரு குச்சிக்கு இத்தினி நம்பரா! எம்பொண்ணு ஜாதகத்துலகூட இத்தினி இல்லம்மா."

"அண்ணனுக்கு. செஞ்சி தர முடியுமா?"

"முடியுமாவா? பல்லு பல்லா இருக்கிற சக்கரத்துக்கே பேட்டர்ன் செய்யறவன் நான். குச்சியாம் குச்சி."

சொன்னதைச் செய்தார். இவ்வளவு மெலிந்து நீண்டதை லேத்தில் போட்டால் நடுவில் துள்ளும் என்று, இழைப்புளியால்தான் செய்தார். முதலில் சதுரம், பிறகு எட்டுப் பட்டை, பிறகு பதினாறு, பிறகு உருண்டை. நுனிப்பக்கம் மெலிய மெலிய ரேகைகள் வெட்டுப்பட்டு, மேல்நோக்கிய அம்புக்குறிகள் போல ஒன்றன் பின் ஒன்றாகத் தெரிந்தன. ஆஷ் மரத்துக்கே உரிய குறி அது. கருங்காலி பட்டோடு ஷாஃப்டைச் சேர்க்கிற, மரை போட்ட பித்தளைப் பூட்டை மெஷின் ஷாப்பில் லேத்காரர் ஒருவர் கடைந்து கொடுத்தார்.

ஷாஃப்டின் அடி பூட்டுக்குள் நுழையவில்லை.

"அவன் கடைஞ்சது தப்பும்மா. கண்ணு டொக்காயிட்ச்சி அவனுக்கு" என்றார் மேஸ்திரி.

லேத்காரருக்குச் செய்தி போனது. அவர் மைக்ரோமீட்டரைத் தூக்கிக்கொண்டே வந்தார். "இந்தா, பாத்துக்கோ. இது பொய் சொல்லுமா?"

"என் கை பொய் சொல்லுமாய்யா?"

"கை சொல்லாது. வாய் சொல்லும்."

இருவரையும் பேசவிட்டு நான் அளந்தேன். பூட்டு சரியாக வரைபடத்தின்படி இருந்தது. ஷாஃப்ட் கூடுதலாக இருந்தது. வேறு இடங்களில் அளந்தேன். எல்லா இடத்திலும் கூடுதல், எல்லா இடத்திலும் ஒரே விகிதம். நீளமும் கூடுதல். கை தவறினால் ஓர் இடத்தில் கூடும், இன்னோர் இடத்தில் குறையும். எல்லாம் ஒன்றுபோலக் கூடினால் கையைக் குறைசொல்ல முடியாது.

"மேஸ்திரி, உங்க ஸ்கேலக் கொஞ்சம் காட்டுங்க."

பையிலிருந்து எடுத்தார். எடுத்தவர் அதைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

காய்ச்சி ஊற்றிய உருக்கு ஆறும்போது சுருங்கும். அதற்கு ஈடாகப் பேட்டர்னைப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமல் இருக்க, பேட்டர்ன் ஷாப்புக்கென்றே ஒரு ஸ்கேல் உண்டு. அதில் ஓர் அடி என்று போட்டிருப்பது, உண்மையில் ஓர் அடியும் கால் அங்குலமும். மேஸ்திரியின் பையில் எப்போதும் இருந்தது அந்த ஸ்கேல்தான். அந்த ஷாப்பில் எல்லோரிடமும் அதுதான். அண்ணனின் கியூவை யாரும் உருக்கி ஊற்றப்போவதில்லை என்பது அளக்கும்போது அவருக்குத் தோன்றவில்லை. பல வருடப் பழக்கம்.

லேத்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஊட்டுக் கதவு!" என்றார் திடீரென்று. "சட்டம் ஆசாரி போட்டான். கதவு நான் செஞ்சேன். இந்த ஸ்கேல வச்சிதான் செஞ்சேன். மூடவே மூடாது. மழயில ஊதிகிச்சின்னு வருசக்கணக்கா மழையத் திட்டிகினுகீறேம்மா!"

அதன்பிறகு அவரும் சிரித்தார்.

சாதாரண ஸ்கேலை வாங்கிவைத்துக்கொண்டு பருமனை இழைத்துச் சரிசெய்தார். பூட்டு ஏறியது. பழைய பூணும் நுனியில் உட்கார்ந்தது, அதன் தலையில் புது டிப் ஒட்டினேன். நீளம் மட்டும் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சியது. "அறுத்துடட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மிஞ்சியதை எப்போது வேண்டுமானாலும் அறுக்கலாம், அறுத்ததை ஒட்ட முடியாது. ஆடுகிறவன் சொல்லட்டும். வார்ப்படங்களைக் குறியிடும் இரும்பு மேஜையில் கியூவை உருட்டிப் பார்த்தேன். அடியில் எங்கும் வெளிச்சம் தெரியவில்லை. நேராக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அண்ணனிடம் கொடுத்தேன். வலது கையால் வாங்கினான். ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தான்.

"நீளம் ஜாஸ்தி."

"தெரியும். நீ சொன்னா அறுத்துடலாம்."

"வளைஞ்சிகீதா?"

"எங்க டேபிள்ல உருட்டிப் பாத்தேன். நேராதான் கீது."

"இரும்பு டேபிளா? அது மேல எத்தினி வாட்டி சங்கிலி வுழுந்துகீதோ."

அதை நான் மறுக்கவில்லை. அந்த மேஜையைச் சமீபத்தில் யாரும் சரிபார்க்கவில்லை என்பது எனக்கும் தெரியும். அப்படியே சொன்னேன்.

"சிலேட்டுல உருட்டினாத்தான் தெரியும்" என்றான். பில்லியர்ட்ஸ் மேஜையின் பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது கனமான சிலேட்டுக் கல். இந்த வட்டாரத்தில் அதைவிடச் சமமான தளம் இல்லை என்பது அவன் கட்சி.

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "அப்ப போய் உருட்டிட்டு வாயேன்! இங்க அம்மிதான் கீது, அதுல வேணா உருட்டு."

அண்ணன் கியூவைச் சுவரில் சாய்த்தான். பிறகு சட்டையை மாட்டினான். "உருட்டிப் பாக்கத்தான் போறேன். ஆடறதுக்கு இல்ல."

"நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"அறுக்கணுமா வேணாமான்னு எனக்குத் தெரியணும்."

பில்லியர்ட்ஸ் அறைக்குள் பெண்கள் போவதில்லை. நான் வராந்தாவில், கம்பி வலை போட்ட ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே நாலைந்து பேர் இருந்தார்கள். அன்று எதிரே ஆடியவரும் இருந்தார். யார்டில் ரயிலைத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன். பெருத்த உடம்பு, பெருத்த குரல்.

"வா மாமு! இன்னா அது கையில? கொடிக்கம்பமா?"

"குச்சி."

"யாரு செஞ்சது?"

"தங்கச்சி. துடுப்புல."

"துடுப்பா! அப்ப மேஜ மேல தண்ணி ஊத்துங்கடா. நைனா போட்டு ஓட்டப் போறாரு."

அண்ணன் மரையை முறுக்கி, கியூவை மேஜைமேல் வைத்து வலது உள்ளங்கையால் உருட்டினான். இடது கை பாக்கெட்டிலேயே இருந்தது. கிண்டல் செய்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திக் குனிந்து, துணிக்கும் கியூவுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். ஒருமுறை. திருப்பிப் போட்டு இன்னொருமுறை.

"நேராதாம்பா கீது" என்றார் பாயின்ட்ஸ்மேன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அண்ணன் மரையைக் கழற்றத் தொடங்கினான். நான் ஜன்னல் வலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா கயட்டற? வந்தது வந்த, ஒரு அடி அடிச்சிட்டுப் போ. பந்து இன்னா பாவம் பண்ணிச்சி?"

"டிப் புதுசு. பந்தப் பிடிக்காது."

"பிடிக்கலன்னா சிரிப்போம். அன்னிக்கு மட்டும் சிரிக்காமயா இருந்தோம்?"

அண்ணன் அவரைப் பார்த்தான். கழற்றியதைத் திரும்ப முறுக்கினான். நுனியில் சாக்பீஸ் தேய்த்தான். பிறகு குனிந்து, இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பச்சைத் துணியின் மேல் ஊன்றினான்.

முதல் அடி பந்தின் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போனது. சொன்னபடியே சிரித்தார்கள். "ஊற வைக்கணும்டா, கடல்லயே கெடந்த மரம்" என்றார் ஒருவர். அண்ணனும் சிரித்தான். இரண்டாவது அடியும் சுமார்தான். அதற்குப் பிறகு ஆட்டம் என்று யாரும் அறிவிக்காமலே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பாயின்ட்ஸ்மேன் எண்ணிக்கைப் பலகையில் இருவருக்கும் புள்ளி தள்ளத் தொடங்கியதை வைத்துத்தான் எனக்கே தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் பாயின்ட்ஸ்மேன் ஒரு நல்ல அடி அடித்தார். எனக்கு ஆட்டம் தெரியாது. சுற்றியிருந்தவர்களின் கியூக்கள் தரையில் டக் டக் என்று தட்டியதிலிருந்து நல்ல அடி என்று புரிந்தது. அண்ணனும் பழக்கத்தில் கியூவைத் தூக்கினான்.

"டேய், தட்டாதே!" என்று அறை முழுக்க ஒரே கூச்சல். "தங்கச்சி வெளிய நிக்குதுடா!"

தூக்கிய கியூ அப்படியே நின்றது. அண்ணன் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டான். பிறகு மேஜையின் மரச்சட்டத்தில் இடது கையால் இரண்டு தட்டு தட்டினான். மூன்று விரலும் சட்டத்தில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

ஆட்டத்தில் அவன் தோற்றான். திரும்பி நடந்து வரும்போது, "அறுக்கணுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். முன்பக்கம் கொஞ்சம் கனமா கீது. பழகிக்கிறேன்."

இன்றைய நிலவரம் இதுதான். கியூவை அறுக்கவில்லை. முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அந்தக் கூடுதல் நீளம் அப்படியே இருக்கிறது. கடல் காற்றில் பித்தளைப் பூட்டு பச்சை பூக்கிறது, அம்மா குத்துவிளக்கோடு அதையும் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார். மழைக்காலத்தில் ஷாஃப்ட் மிக லேசாக வளைந்து, வெயில் வந்ததும் திரும்ப நேராகிறது. மேஸ்திரி தன் வீட்டுக் கதவின் ஓரத்தை இழைத்துவிட்டார், இப்போது மூடுகிறது. அண்ணன் சனிக்கிழமைகளில் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகிறான், சில வாரம் புதன்கிழமையும். நல்ல அடிக்கு அவன் மட்டும் கையால் தட்டுகிறான். கோவிலில் அந்தக் கை இன்னும் பாக்கெட்டில்தான் இருக்கிறது.